சிக்னல் எரியும்போது ஏட்டு எதுக்கு நடுவுல நிக்காரு?

பறக்கைக்காரன்:
நாகர்கோவில்ல பெரிய ஜங்ஷன் எதை எடுத்தாலும் அடிக்கடி கண்ணில் படுற காட்சி இது. மேலே விளக்கு மாறி மாறி எரியுது. கீழே ஒரு போலீஸ்காரர் அதையே கையால காட்டுறார், சில நேரம் அதுக்கு நேர் எதிராவும் காட்டுறார். இதுல எனக்கு மூணு கேள்வி. இந்த வேலை எங்கே, எப்போ தொடங்கிச்சு? விளக்கு ஒண்ணும் கை ஒண்ணும் சொன்னா எது செல்லும்? கையால வண்டி விட்டா நெரிசல் குறையுமா, கூடுமா? "1868-ல லண்டன்ல விளக்கு வச்சாங்க, அதோட டிராஃபிக் போலீஸ் பிறந்தது"ன்னு ஒரு வாட்ஸ்அப் பதிவு சுத்துது. அது சரியான்னும் சொல்லுங்க.

வேணாட்டுக்குறிப்பு:
வாட்ஸ்அப் பதிவு தலைகீழ். விளக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே ஆள் நின்றாயிற்று. லண்டன் பாலத்தில் கூட்டம் தாங்காமல், வண்டிகள் எல்லாம் இடப்பக்கமாகவே போக வேண்டும் என்று 1722-ல் மேயர் உத்தரவு போட்டு, அதைக் கவனிக்க மூன்று பேரை நிறுத்தினார். அவர்கள் போலீஸ் அல்ல. அன்றைய பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் லண்டனுக்கு மெட்ரோபாலிட்டன் போலீசை அமைத்ததே 1829-ல்தான். நியூயார்க்கில் 1860 வாக்கில் பிராட்வே தெருவுக்கென்று உயரமான ஆட்களாகப் பார்த்து ஒரு போலீஸ் படை. அவர்களுடைய முதல் வேலை வண்டியை ஒழுங்குபடுத்துவதல்ல, நடந்து போகிறவர்களைக் குதிரைவண்டிகளுக்கு நடுவே கடத்திவிடுவது.

1868 கதைக்கு வருவோம். ஜான் பீக் நைட் என்பவர் ரயில்வேக்காரர். ரயில்வே கைகாட்டியை அப்படியே தூக்கி வந்து லண்டன் பாராளுமன்றத்துக்கு வெளியே ரோட்டில் நட்டார். மாதம் டிசம்பர். பகலில் கைகாட்டி மரம், இரவில் சிவப்பு, பச்சை காஸ் விளக்கு. மரம் கிடையாக நின்றால் அல்லது சிவப்பு எரிந்தால் நில், மரம் தாழ்ந்தால் அல்லது பச்சை எரிந்தால் பார்த்துப் போ. தானாக எதுவும் மாறாது. கம்பத்தின் அடியில் ஒரு போலீஸ்காரர் நின்று நெம்புகோலைத் திருப்ப வேண்டும். ஒரு மாதம்கூட முழுசாக ஓடவில்லை. 1869 ஜனவரி தொடக்கத்தில் காஸ் கசிந்து விளக்கு வெடித்தது, அடியில் நின்ற போலீஸ்காரருக்குப் பலத்த காயம். அதோடு அந்த யோசனையையே மூட்டை கட்டினார்கள். லண்டனுக்கு அடுத்த விளக்கு 1926-ல் பிக்காடிலியில். இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் வெறும் கைதான்.

நாலுமுக்கு:
பச்சைக்கு "பார்த்துப் போ"ன்னா அர்த்தம்? பச்சைன்னா போன்னுதானே?

வேணாட்டுக்குறிப்பு:
அன்றைய ரயில்வேயில் சிவப்பு நில், பச்சை எச்சரிக்கை, வெள்ளை போகலாம். நைட் அந்தப் பழக்கத்திலிருந்து சிவப்பையும் பச்சையையும் மட்டும் எடுத்தார். சாதாரண விளக்கு வெளிச்சத்தை எல்லாம் சிக்னல் என்று நினைத்துக்கொள்ளும் ஆபத்து இருந்ததால் ரயில்வே பின்னாளில் வெள்ளையைக் கைவிட்டது. "போகலாம்" என்ற அர்த்தம் பச்சைக்கு வந்தது அதற்கப்புறம்.

ரோடு_டிசைன்:
அமெரிக்கப் பக்கத்தை நான் எழுதுறேன், ஏன்னா அங்கே முக்கால்வாசி போலீஸ்காரங்க செய்த வேலை.

1903-ல நியூயார்க்குக்கு முதல் முழு சாலை விதித் தொகுப்பை எழுதினவர் வில்லியம் பெல்ப்ஸ் ஈனோ. அதுக்கு முன்னால நடுவுல நின்ன போலீஸ்காரர் அவரவர் புத்திக்குத் தோணினபடிதான் கை காட்டினார். 1912-ல சால்ட் லேக் சிட்டியில லெஸ்டர் வயர்ங்கிற போலீஸ்காரர் மரப்பெட்டி ஒண்ணுல சிவப்பு, பச்சை பல்பு மாட்டி கரண்ட் சிக்னல் செய்தார். 1914 ஆகஸ்ட் 5-ந் தேதி கிளீவ்லாண்டுல யூக்ளிட் அவென்யூ, கிழக்கு 105-வது தெரு முக்குல ஒரு செட் வந்தது. ரெண்டு நிறம்தான். நிறம் மாறப் போகுதுன்னு சொல்ல மஞ்சள் கிடையாது, பஸ்ஸர் அடிக்கும். ரோட்டோரக் கூண்டுல உக்காந்து சுவிட்ச் போட்டதும் போலீஸ்தான். 1920-ல டெட்ராய்ட் போலீஸ்காரர் வில்லியம் பாட்ஸ் நாலு பக்கத்துக்கும் சேர்த்து மூணு நிற விளக்கு கொண்டு வந்தார். 1923-ல காரெட் மார்கன் பேடன்ட் வாங்கினது கையால சுத்துற கம்பம். எல்லாப் பக்கத்தையும் ஒரே நேரத்துல நிறுத்துற நிலை அதுல உண்டு.

யார் முதல்லன்னு இணையத்துல நடக்கிற சண்டை வெட்டிச் சண்டை. ஆளாளுக்கு ஒரு துண்டைச் சேர்த்தாங்க. கவனிக்க வேண்டியது வேற: பஸ்ஸர், மஞ்சள், எல்லாப் பக்கமும் நில் — இந்த மூணும் போலீஸ்காரர் கையால ஏற்கெனவே செய்துக்கிட்டிருந்த ஒரே காரியத்துக்கு மாற்று. ஒரு பக்கத்தை அடைச்ச பிறகு, மறுபக்கத்தைத் திறக்கிறதுக்கு முன்னால விடுற அந்த இடைவெளி.

வேணாட்டுக்குறிப்பு:
இன்னொன்று. ஆரம்ப விளக்குகள் போலீசை வீட்டுக்கு அனுப்ப வந்தவை அல்ல, நடுரோட்டிலிருந்து அவரைத் தூக்கி ஓரமாகவோ உயரமாகவோ வைக்க வந்தவை. 1924-ல் பெர்லின் போட்ஸ்டாமர் பிளாட்ஸில் கட்டிய சிக்னல் கோபுரத்துக்கு ஐந்து முகம், ஏனென்றால் அங்கே கூடியது ஐந்து சாலை. போலீஸ்காரர் மேலே கூண்டுக்குள். 1926 பிக்காடிலி விளக்கும் போலீஸ் கையால் மாற்றியதுதான். பிரிட்டனில் தானாக மாறும் விளக்கு 1927-ல் வுல்வர்ஹாம்டனில்.

கோட்டாறு_பழசு:
நம்ம ஊருக்கு வாங்க. இங்கே மெட்ராஸ் போலீஸ் சட்டப்படிதானே பிரிட்டிஷ் காலத்துல டிராஃபிக் பார்த்திருப்பாங்க?

வேணாட்டுக்குறிப்பு:
இல்லை அண்ணாச்சி. 1956 நவம்பர் 1 வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர் பக்கம் (கடைசி ஏழு வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி). சமஸ்தானத்துக்குத் தனிப் போலீஸ். பிரிட்டிஷ் இந்தியாவின் 1914, 1939 மோட்டார் வாகனச் சட்டங்கள் இங்கே தானாகச் செல்லாது. நாகர்கோவில் மணிமேடை மணிக்கூண்டு 1893-ல் எழுந்தது மூலம் திருநாள் மகாராஜா வருகையை ஒட்டி. அதைச் சுற்றி அன்று ஓடியது மாட்டுவண்டியும் குதிரைவண்டியும். மோட்டார் பஸ் ஒரு ஒழுங்குக்குள் வந்தது 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் டிரான்ஸ்போர்ட் தொடங்கியபோது. அதை நடத்த வந்த சால்ட்டர் லண்டன் போக்குவரத்துக் கழகத்தில் இருந்தவர். லண்டன் நம்ம பக்கம் வந்த வழி அப்படி.

வக்கீல்_தக்கலை:
இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாக. 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 119. மின் சிக்னல் தரும் கட்டளைக்கும், பொது இடத்தில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும் போலீஸ் அதிகாரி தரும் கட்டளைக்கும் ஓட்டுநர் கட்டுப்பட வேண்டும். இரண்டும் ஒரே வாக்கியத்தில், "அல்லது" போட்டு. எது பெரியது என்று அந்தப் பிரிவு தராசு போடவில்லை. சாலைப் போக்குவரத்து பற்றி நாடுகள் செய்துகொண்ட 1968 வியன்னா உடன்படிக்கை வெளிப்படையாகவே போடுகிறது: அதிகாரியின் கட்டளை விளக்குக்கும் பலகைக்கும் சாலை விதிக்கும் மேல். உலகம் முழுக்க நடைமுறையும் அதுதான். பச்சை எரிகிறது, ஏட்டு உள்ளங்கையைக் காட்டுகிறார் என்றால் நில்லுங்கள். "எனக்குப் பச்சை சார்" என்ற வாதம் எடுபடாது.

ஏட்டு_ரிட்டயர்டு:
கை காட்டுறதைப் பத்திச் சொல்லுதேன். வெளியே இருந்து பாக்க ஆட்டுற மாதிரித் தெரியும், உள்ளே ஒழுங்கு உண்டு.

முதல் பாடம் உடம்பு. ஓடுற வண்டிக்கு விலாவைக் காட்டி நிக்கணும். நிறுத்தி வச்ச வண்டிக்கு நெஞ்சு ஒரு பக்கம், முதுகு மறு பக்கம். நெஞ்சும் முதுகும் சிவப்பு, விலா ரெண்டும் பச்சை. இதை மட்டும் விடாமப் பிடிச்சா பாதி வேலைக்குக் கையே வேண்டாம், திரும்பி நின்னாலே டிரைவருக்குப் புரியும். மூலைக்கு நாப்பத்தஞ்சு டிகிரியில சரிஞ்சு நின்னா நாலு பக்கத்துக்காரனும் தனக்குத்தான்னு நினைப்பான்.

ரெண்டாவது நிறுத்துறது. முன்னால வாற வண்டிக்கு வலது கை மேலே, உள்ளங்கை அவனைப் பாத்து. முதுகுக்குப் பின்னால வாற வண்டிக்கு இடது கை தோள் மட்டத்துல நீட்டி. ரெண்டு பக்கமும்னா ரெண்டும் சேத்து. ஆனா உள்ளங்கைக்கு முன்னால விரல் வேணும். நிறுத்தப் போற வண்டி டிரைவரை விரலால குத்திக் காட்டி, அவன் கண்ணு நம்ம கண்ணுல பட்ட பிறகு கையை விரிக்கணும். பொதுவா கையைத் தூக்கினா முன்னால வாறவன் பின்னால உள்ளவனுக்குன்னு நினைச்சுப் போயிருவான், பின்னால உள்ளவன் இவனைப் பாத்துப் பின்னாலயே வருவான்.

எந்த வண்டியைக் குத்தணும்ங்கறதுலதான் தொழில் இருக்கு. வரிசையில இயல்பா ஒரு ஓட்டை விழும், பெரும்பாலும் சுமை ஏத்தின லாரிக்கு முன்னால. அங்கே கத்தியைப் போடணும். வேகத்துல வாற பஸ்ஸு முன்னால கை வச்சா அவன் பிரேக்கைச் சவுட்டுவான், உள்ளே நிக்கிறவங்க சாய்வாங்க, பின்னால பைக்காரன் வந்து முட்டுவான்.

ரோடு_டிசைன்:
ஏட்டையா சொல்றதுக்குக் கணக்கு உண்டு. 40 கி.மீ. வேகம்னா விநாடிக்கு 11 மீட்டர். டிரைவர் கையைப் பார்த்துப் பிரேக்குல கால் வைக்க ஒன்றரை விநாடி, அதுக்கே 17 மீட்டர் போச்சு. காய்ஞ்ச ரோட்டுல நிதானமா நிக்க இன்னொரு 15. ஆக 32 மீட்டர். சாரல் நனைச்ச தார்ல 40-க்கு மேல. அதுக்குள்ள வந்துட்ட வண்டியை விட்டுடணும். விளக்குல மஞ்சள் 3 விநாடி இருக்கிறதும் இதே கணக்குக்குத்தான்.

ஏட்டு_ரிட்டயர்டு:
மூணாவது, காலி பண்ணுறது. அடைச்ச உடனே அடுத்த பக்கத்தைத் திறக்கக் கூடாது. கடைசியா உள்ளே புகுந்த பஸ்ஸோட வால் தாண்டுதான்னு பாக்கணும். புதுசா வாறவங்க தவறுற இடம் இதுதான்.

நாலாவது திறக்கறது. உடம்பைத் திருப்பி, முதல் வரிசை டிரைவரைக் காட்டி, முழங்கையை மடக்கி நெஞ்சுக்குக் குறுக்கே இழுக்கணும். ஒரு தடவை, ரெண்டு தடவை. வண்டி கிளம்பியாச்சுன்னா கையைத் தொங்க விட்டுரணும். கிளம்பின வண்டிக்கு "வா வா"ன்னு ஆட்டிக்கிட்டே நின்னா, நிறுத்தி வச்ச பக்கத்துல உள்ளவன் தன்னைத்தான் கூப்பிடுதாருன்னு முன்னால வருவான். இடுப்பு மட்டத்துல விரலை மட்டும் அசைக்கறதும் அப்படித்தான், பத்தடி தள்ளி நிக்கிறவனுக்குத் தெரியாது.

விசில் கூடிப்போனா விசிலே இல்லை. அமெரிக்கப் போலீஸ் பாடத்துல நீள ஊதல் ஒண்ணு நில், குட்டை ஊதல் ரெண்டு போ, பல குட்டை ஊதல் கவனி. நம்ம ஆளுங்க நிறுத்தறதுக்கும் அனுப்புறதுக்கும் ஒரே பீ... பீ... தான். ஹாரன் சத்தத்துல அதுவும் ஒரு ஹாரன் ஆயிருது.

ராத்திரி கையைக் காட்டிப் பிரயோசனமில்லை. சிவப்பு பேட்டன், ஒளி திருப்புற ஜாக்கெட், முடிஞ்சா தெருவிளக்கு நம்ம முகத்துல விழற மாதிரி நிக்கணும். விளக்கு முதுகுக்குப் பின்னால இருந்தா டிரைவருக்குக் கறுப்பு உருவம்தான் தெரியும்.

நாலுமுக்கு:
ஒரே ஜங்ஷன்ல மூணு பேர் நின்னும் அடைச்சுக் கெடக்குதே, அது ஏன்?

ஏட்டு_ரிட்டயர்டு:
மூணு பேரும் தலைவர்னா அடைக்கத்தான் செய்யும். நாலு முக்குல ஒருத்தர்தான் திறக்கணும், மத்தவங்க அவர் முகத்தைப் பாத்துத் தன் பக்கத்தைப் பிடிக்கணும். ஊர்க்காவல் படை ஆளு தன் பக்கம் நீண்டு போச்சேன்னு பாவப்பட்டு அஞ்சு வண்டியை விட்டா, அந்த அஞ்சும் நடுவுல மாட்டும்.

ரோடு_டிசைன்:
இப்போ மூணாவது கேள்வி. ஏட்டையா கோவிச்சுக்கக் கூடாது.

வண்டிகளை ஒரே அளவுக்குக் கொண்டுவர இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட கையேடு, ஐ.ஆர்.சி. 106 (1990), ஒரு வழி சொல்லுது: கார் 1, டூவீலர் கூட்டம் அதிகமுள்ள ரோட்டுல டூவீலர் 0.75, ஆட்டோ 2, பஸ் 3.7. சந்திப்புக்கு வர்ற ஐந்தரை மீட்டர் அகலமுள்ள ஒரு ரோடு, பச்சை விட்டுக்கிட்டே இருந்தா மணிக்கு 525 × 5.5, அதாவது சுமார் 2,890 கார் அளவு தள்ளும். விநாடிக்கு 0.8. ஆனா ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் 4 விநாடி வீண்: கிளம்பறதுல கொஞ்சம், காலி பண்றதுல கொஞ்சம். ரெண்டு முறை மாத்துற சந்திப்புன்னா ஒரு சுத்துக்கு, அதாவது எல்லாப் பக்கமும் ஒரு தடவை பச்சை வாங்கி முடியறதுக்குள்ள, 8 விநாடி.

60 விநாடிச் சுத்துல 52 விநாடி உருப்படி, 87 சதவீதம். 120-ல 93 சதவீதம். 240-ல 97 சதவீதம். அதாவது ரெண்டு நிமிஷச் சுத்தை நாலு நிமிஷம் ஆக்கினா கிடைக்கிற லாபம் நாலு சதவீதம்கூட இல்லை. காத்திருப்பு மட்டும் இரட்டிப்பு. சிக்னல் நேரம் கணக்குப் போட பிரிட்டிஷ் ஆய்வாளர் வெப்ஸ்டர் 1958-ல கொடுத்த சூத்திரத்துல போட்டா, இப்படி ரெண்டு முறை மாத்துற சந்திப்பு எழுபது சதவீதம் நிறைஞ்சிருக்கும்போது நல்ல சுத்து 57 விநாடி.

கையால விடுற இடத்துல இந்தச் சுத்துதான் தெரியாம நீண்டுருது. காரணம் கண்ணு. எதிர்ல ஓடுற வரிசை தெரியுது, "இது முழுசும் போகட்டும்"னு தோணுது. முதுகுக்குப் பின்னால அடைஞ்சு கெடக்கிற வரிசையோட வால் தெரியாது. மணிக்கு 900 வர்ற ரோட்டை 2 நிமிஷம் அடைச்சா 30 கார் அளவு. ரெண்டு வரிசையா நின்னா 90 மீட்டர். நம்ம ஊர்ல 90 மீட்டருக்குள்ள ஒரு சந்து, ஒரு பஸ் ஸ்டாப், ஒரு பெட்ரோல் பங்க் வந்துரும். அதுகளோட வாயை இந்த வரிசை அடைச்சா அடுத்த முக்கும் செத்துது.

வி.ஐ.பி. வர்றார்னு 5 நிமிஷம் மறிச்சா இதே ரோட்டுல 75 சேரும். பச்சைப் பங்கு 45 சதவீதம்னா மணிக்கு 1,300 தள்ளலாம், அதுல 900 புதுசா வர்றதுக்கே போயிரும், மிச்சம் 400. பழைய நிலைக்கு வர 11 நிமிஷம்.

ஏட்டு_ரிட்டயர்டு:
கோவம் ஒண்ணும் இல்லை, கணக்கு சரிதான். ஒரு ஓரத்துல மட்டும் இடிக்குது. நீங்க போட்ட 0.8 எப்போ வரும்? சந்திப்பைத் தாண்டிப் போற பக்கத்து வாய் திறந்து கெடந்தா. வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குள்ள நுழைய முடியாம நாலு பஸ் ரோட்டுல வாலை விட்டு நிக்குதுன்னு வையுங்க. விளக்குக்கு அது தெரியாது. பச்சை விழும், வண்டி புகும், நடுவுல நிக்கும். அடுத்த பச்சையில குறுக்கே உள்ளவன் புகுவான். நாலு பக்கமும் ஒண்ணை ஒண்ணு பூட்டிக்கிடும். பச்சை எரியும்போதே ஏட்டு கை காட்டி நிறுத்துறது முக்கால்வாசி இதுக்குத்தான், பாத்துக்கிடுங்க. வாயைப் பாத்து விடணும், வரிசையைப் பாத்து விடக் கூடாது.

ரோடு_டிசைன்:
அதை மறுக்கவே மாட்டேன். சாதாரணமா ரோட்டுல பதிக்கிற சென்சாரும் வர்ற பக்கத்தைத்தான் எண்ணும், போற பக்கத்தை எண்ணாது. பஸ் விஷயத்துலயும் ஏட்டையா பக்கம் நியாயம் உண்டு. 12 மீட்டர் பஸ் 15 கி.மீ. வேகத்துல 20 மீட்டர் சந்திப்பை முழுசாத் தாண்ட கிட்டத்தட்ட எட்டு விநாடி. மஞ்சள் மூணுதான். பச்சையோட கடைசியில நுழைஞ்ச பஸ் இன்னும் நடுவுல இருக்கும்போதே மறுபக்கம் பச்சை விழுந்துருது.

அப்போ இப்படிப் பிரிக்கலாம்: பச்சையை நீட்டறதுக்கு ஆள் வேண்டாம், வெட்டறதுக்கு ஆள் வேணும். ரோட்டோரத்துல இருக்கிற சிக்னல் கேபினட்டைத் திறந்து மேனுவல்ல போட்டு விளக்கையே மாத்தினா இன்னும் நல்லது, விளக்கும் கையும் ஒரே பேச்சுப் பேசும். டிரைவரைக் குழப்புறது போலீஸ்காரர் இல்லை, ரெண்டு குரல்.

பறக்கைக்காரன்:
அப்போ சிக்னலை எடுத்துட்டு ரவுண்டானா வச்சு நடுவுல போலீஸை நிறுத்தினா?

ரோடு_டிசைன்:
ரெண்டையும் கலக்காதீங்க. ரவுண்டானா ஓடுறது வலப்பக்கத்துல இருந்து வர்றவனுக்கு வழி விடுற பழக்கத்தால. நடுவுல ஒருத்தர் கை காட்டினா யாரும் வலப்பக்கம் பார்க்க மாட்டாங்க, அவரைப் பார்ப்பாங்க. அவர் ஒரு பக்கத்து ரோட்டைத் திறந்ததும் வட்டம் நிறைஞ்சு தன் வாலைத் தானே கடிக்கும். ரவுண்டானாவுல போலீஸ் வேணும்னா வட்டத்துக்கு வெளியே, நுழையுற வாயில நின்னு அளந்து விடணும்.

குழித்துறை_படித்துறை:
மேம்பாலத்தையும் சேருங்க. மார்த்தாண்டம், பார்வதிபுரம் ரெண்டும் நெடுந்தூர வண்டியை மேலே தூக்கிட்டு. கீழே மிஞ்சினது பஸ், ஆட்டோ, சந்தைக்கு வாற லோடு. தூண் மறைப்புல நிக்கிற போலீஸை டூவீலர்காரன் பாக்கறது கடைசி நேரத்துலதான்.

ஏட்டு_ரிட்டயர்டு:
பாலத்துக்கு அடியில நடு இடம் ஆகாது. தூணுக்கு முன்னால, வாற வண்டிப் பக்கமா ரெண்டெட்டு தள்ளி நிக்கணும். மறுபக்கத்துக்குத் தனி ஆளு. ஒருத்தரை ஒருத்தர் பாக்க முடியாத இடம்னா வாக்கி டாக்கி இல்லாம வேலைக்காவாது.

கோட்டாறு_பழசு:
ஒரு கேள்வி பாக்கி. சிவராத்திரிக்கு நடக்கிற சிவாலய ஓட்டத்தன்னிக்கு "கோவிந்தா கோபாலா"ன்னு ஓடி வாற கூட்டத்தை மெயின் ரோடு கடத்தறது எப்படி? பன்னிரண்டு கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல, ராப்பகலா ஓட்டம். விளக்கா வைக்க முடியும்?

ஏட்டு_ரிட்டயர்டு:
ஓடுறவனை நிறுத்தப் பாக்கக் கூடாது, நிக்கவும் மாட்டான். வெறுங்காலு, தூக்கக் கலக்கம், கையில விசிறி. அங்கே வண்டிதான் நிக்கணும். ஆனா ஒவ்வொருத்தருக்கும் ரோட்டை அடைச்சா தக்கலை வரைக்கும் வரிசை போவும். அதனால கடக்கிற இடத்துக்கு அம்பது மீட்டர் முன்னால ஒரு ஆளு ஓரமா நின்னு, வாறவங்களைக் கயித்துக்குள்ள சேத்துப் பிடிப்பார், இருபது முப்பது பேர் ஆகுற வரைக்கும். அவர் டார்ச்சை ரெண்டு தடவை அடிச்சா ரோட்டுல உள்ளவர் வண்டியை மறிப்பார். கூட்டம் மொத்தமாப் போன பிறகு கயிறு மறுபடி இறங்கும். ரோட்டுல உள்ளவர் முதல்ல மறிக்க வேண்டியது தூரத்துல வாற பஸ்ஸை இல்லை, பக்கத்துல வாற பைக்கை. பஸ் நிக்கும், பைக்காரன் ஓரத்து இடுக்கைப் பாப்பான்.

வேணாட்டுக்குறிப்பு:
ஆளைச் சேர்த்து, ரோட்டை மறித்து, கூட்டமாகக் கடத்துவது. 1860 பிராட்வே படைக்குக் கொடுத்திருந்த வேலையும் இதுவே.